நாய் போனது, உண்ணி போகவில்லை

"நாயைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வாங்கோ, உண்ணி தன்பாட்டில போயிடும்." திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் உப்புவெளியில் இந்தப் பேச்சைக் கேட்காத ஒழுங்கை இல்லை. கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, முற்றத்து மணல் உள்ளங்காலைச் சுடுகிற மாதங்களில் இன்னும் கூடுதலாகக் காதில் விழும். சொல்கிறவர்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. பிள்ளை படுக்கிற பாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஓர் உண்ணி மெல்ல மெல்ல ஏறிப் போவதைக் கண்டால் யாருக்கும் உடம்பு கூசும். அந்தக் கூச்சமும் பயமும் சேர்ந்து ஒரு குற்றவாளியைத் தேடும். கைக்கெட்டிய தூரத்தில், சங்கிலியில் கட்டியபடி, வாலை ஆட்டிக்கொண்டு நாய் நிற்கும். இந்த யோசனை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் அது எவ்வளவு பிழையானது என்பதை, இந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.

பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு ஆறு வயது. ஓர் இரவு, காதுக்குள் என்னவோ சுரண்டுகிறது என்று எழும்பியிருந்து அழத் தொடங்கினாள். குறும்பியாக இருக்கும் என்று அம்மம்மா இளஞ்சூட்டில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் விட்டார். சுரண்டல் நின்றது, வலி நிற்கவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காது, மூக்கு, தொண்டை டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, மெல்லிய கவ்வியால் எள்ளளவு உண்ணி ஒன்றை வெளியே எடுத்தார். செவிப்பறைக்கு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். பிள்ளை மத்தியானமே விளையாடத் தொடங்கிவிட்டாள்.

அன்று பின்னேரம் அண்ணை, அதாவது அக்காவின் கணவர், அவர்கள் வீட்டு நாய் ஜிம்மியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போனார். மீன் வாடிகள் இருக்கிற கரையில் இறக்கிவிட்டால் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது என்பது அவர் கணக்கு. மனமில்லாமல்தான் செய்தார். திரும்பி வந்து யாருடனும் கதைக்காமல் கிணற்றடியில் வெகு நேரம் நின்றதை மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையின் காதுக்குள் உண்ணி என்றால் எந்தத் தகப்பனுக்கும் தலை சுற்றும்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் உண்ணி குறையவில்லை. கூடியது. முன்பு நாய் படுக்கிற பக்க விறாந்தையில் மட்டும் எப்போதாவது காணக் கிடைத்தவை, இப்போது திரைச்சீலை மடிப்பிலும், சுவிட்ச் போர்ட்டின் ஓரத்திலும், அம்மம்மாவின் கட்டில் காலிலும் தெரியத் தொடங்கின. அக்காவின் இடுப்புப் பட்டியில் ஒன்று கடித்தபடி இருந்தது. ஒழுங்கையில் எல்லோரும் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள்: "நாய்தான் இல்லையே, கொஞ்ச நாள்ல பசியில செத்துப்போகும்." எனக்கு அதுதான் சமாதானமாகவில்லை. பசியில் சாகப் போகிற ஒன்று, சாகும் வரை சும்மா இருக்குமா?

கதவு நிலைக்குப் பின்னால்

தம்பலகாமத்தில் இருக்கிற மாமா, திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வந்தவர், வழமைபோல் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்றார். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுப் பட்டிகளிலேயே முக்கால்வாசி வாழ்க்கையைக் கழித்தவர். அக்கா வீட்டுக் கதையைச் சொன்னேன். நாயைப் பற்றி அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. "நாய் எங்க படுக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அடுப்படிக் கதவுக்கு வெளியே, விறாந்தை மூலையில் என்றேன். சோறு உண்டு கை கழுவிய கையோடு, ஒரு டோர்ச்சும், சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைக் கோப்பையும், ஓர் ஈர்க்கும் எடுத்துக்கொண்டு அங்கே போனார். நானும் அக்காவும் பின்னால் போனோம்.

அந்தக் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே சாந்து விட்டுப்போய் ஒரு வெடிப்பு, ஈர்க்கு நுழைகிற அகலம். மாமா டோர்ச்சை ஒரு கையில் பிடித்து, மறு கையால் ஈர்க்கை உள்ளே விட்டு மெல்ல இழுத்தார். முதலில் வந்தது தூசி என்று நினைத்தேன். கோப்பையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது, பாதி சட்டை. உண்ணி கழற்றிப் போட்ட வெறும் தோல்கள், கால்களோடு அப்படியே. அடுத்த இழுப்பில் தட்டையான, செங்கபில நிறமான உயிர் உண்ணிகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. இன்னும் ஆழத்தில் இரத்தம் குடித்து ஊதிச் சாம்பல் நிறமாகிப்போன ஒன்று, அசையாமல். அதன் தலைமாட்டில் கரும்பழுப்பில் மினுங்குகிற முட்டைக் குவியல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பின்னுக்குப் போனா. மாமா டோர்ச்சை மேலே திருப்பினார். கூரைச் சீற்றும் சுவரும் சேர்கிற ஓரத்தில், பிறகு முன் அறையில் மாட்டியிருந்த சாமிப்படத்தின் பின்பக்கத்தில், அங்கேயும் இருந்தன. "இது மேல ஏறுற சாதி, பிள்ளை. தரையைக் கூட்டிப்போட்டு முடிஞ்சுது எண்டு நினைக்கக் கூடாது," என்றார்.

அந்த அரை மணித்தியாலம்தான் எனக்கு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. நாங்கள் நாயில் இருக்கிற உண்ணியை மட்டுமே உண்ணி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாயில் தெரிவது கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் வீட்டுக்குள் குடியிருக்கிறது.

உலகம் முழுக்க நாயோடு வீட்டுக்குள் வந்து குடியேறுகிற இந்தக் கபில நிற உண்ணிக்கு ரிப்பிசெபாலஸ் சங்குனியஸ் என்று பெயர். வெளியே புல்லும் பற்றையும் இல்லாமல், நான்கு சுவருக்குள்ளேயே பிறந்து, பெருகி, சாகக்கூடிய உண்ணி இது. முட்டையிலிருந்து ஆறு காலோடு வரும் குஞ்சு ஒரு நாயைத் தேடி ஏறும். சில நாட்கள் குடித்துவிட்டு விழுந்து, வெடிப்புக்குள் போய்ச் சட்டை கழற்றி, எட்டுக் காலோடு வரும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும், சட்டை கழற்றும். வளர்ந்த பின் மூன்றாவது தடவை ஏறும். பெண் உண்ணி ஒரு கிழமை போல வயிறு நிறையக் குடித்துவிட்டு, கடைசித் தடவையாக விழுந்து, எங்காவது இடுக்கில் ஒதுங்கி 5,000 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். எங்கள் ஊர் வெக்கைக்கு இந்தச் சுற்று முழுவதும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடக்கூடியது. குளிர் வந்து நிறுத்தி வைக்கும் என்ற பேச்சும் இங்கே இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், அதன் வாழ்நாளில் நாயின் மேல் இருப்பது சில கிழமைகள் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் கதவு நிலை, சுவர் வெடிப்பு, கட்டில் பொருத்து, படத்தின் பின்பக்கம்.

பட்டினி கிடப்பதில் இதற்கு நிகர் இல்லை. குஞ்சே மாதக் கணக்கில் தாங்கும். வளர்ந்தது ஒரு வருடத்துக்கும் மேலே ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் உயிரோடு கிடக்கக்கூடியது. கொஞ்ச நாளில் செத்துப்போகும் என்று ஒழுங்கையே சொன்ன ஆறுதல் இந்த இடத்தில்தான் உடைகிறது. இந்த உண்ணிக்கு நாயின் இரத்தம்தான் விருப்பம். நாய் இருக்கும்வரை மனிதரை அவ்வளவாகத் தேடாது. நாயை எடுத்துவிட்டால், பசித்த உண்ணி இடுக்கை விட்டு வெளியே வந்து அலையும், அகப்பட்டதைக் கடிக்கும். வெப்பம் கூடும்போது இது மனிதரைக் கடிப்பதும் கூடுகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஜிம்மி போன பிறகு அக்காவின் இடுப்புப் பட்டிக்கு உண்ணி வந்ததன் காரணம் இதுதான்.

காதுக்குள் ஏறியது யார்

திரும்பி வந்து விறாந்தையில் இருந்தபோது அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டா: "அப்ப மாமா, பிள்ளையின்ட காதுக்குள்ள போனதும் இந்தச் சுவரில இருந்து வந்ததோ?" மாமா உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு முந்திய கிழமை பிள்ளை எங்கே போயிருந்தாள் என்று கேட்டார். கந்தளாய்ப் பக்கம் சித்தி வீட்டுக்கு. வயல் வரம்பில், பற்றை ஓரத்தில் பிள்ளைகளோடு ஓடி விளையாடினாளா? விளையாடினாள். அங்கே பன்றி வருமா? வயலே பன்றியால்தான் பாழ் என்று சித்தப்பா சொன்னாராம்.

இலங்கையில் காதுக்குள் உண்ணி ஏறி ஆஸ்பத்திரிக்கு வருவது அரிதான விஷயம் இல்லை. கண்டி முதல் உலர்வலயம் வரை காது, மூக்கு, தொண்டை கிளினிக்குகளில் வழமையாகக் காண்பதுதான். அப்படிக் காதிலிருந்து எடுத்தவற்றை இனம் பிரித்துப் பார்த்த இடத்திலெல்லாம் பெரும்பாலும் அகப்பட்டது டெர்மசென்டர் அவ்ராட்டஸ் என்கிற வேறோர் இனத்தின் இளம் பருவம். அதன் வளர்ந்த உண்ணி காட்டுப்பன்றியில் வாழ்வது. வீட்டுச் சுவர் அதற்கு இடம் அல்ல, பற்றையும் காட்டோரமும்தான். மாமா இதை விளக்கிவிட்டு ஒன்று சொன்னார், அது என் மனதில் அப்படியே நிற்கிறது: "அந்த உண்ணியை நான் காணேல்ல பிள்ளை. கண்டிருந்தாலும் வெறுங்கண்ணால பாத்து இன்ன சாதி எண்டு சத்தியம் பண்ண எனக்கு ஏலாது. ஆனா நாயில இருந்துதான் வந்தது எண்டு தீர்ப்புச் சொல்லி நாயையும் கொண்டுபோய் விட்டாச்சு. அதுக்கு என்ன அத்தாட்சி?"

அண்ணை அந்த நேரம் வேலையால் வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையைக் கூட மாற்றவில்லை. ஓட்டோவைத் திருப்பினார். ஜிம்மி அந்த வாடிகளுக்குப் பக்கத்தில்தான், ஒரு தோணியின் நிழலில் படுத்திருந்திருக்கிறது. இறக்கிவிட்ட இடத்தை விட்டு அதிகம் நகரவேயில்லையாம்.

மருந்து போட்ட நாய்

நாயைக் கொண்டுவந்தது இரக்கத்துக்காக மட்டும் அல்ல. இதைத்தான் எல்லோருக்கும் உரக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன். சரியான மருந்து கொடுத்த நாய் வீட்டில் இருந்தால், சுவருக்குள் இருக்கிற உண்ணி எல்லாம் வழமைபோல் அதையே தேடி வரும். கடிக்கும், செத்து விழும். இடுக்குக்குள் கிடக்கிற ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க எந்த மனிதராலும் முடியாது. மருந்து போட்ட நாயால் முடியும். வீட்டை விட்டுத் துரத்துகிற அந்த நாய்தான், வீட்டிலிருந்து உண்ணியை எடுக்கக் கிடைத்திருக்கிற ஆகச் சிறந்த வழி.

மருந்து என்றால் எது? இங்கேதான் எங்கள் ஊரில் பெரிய ஆபத்து இருக்கிறது. மண்ணெண்ணெய் பூசுகிறார்கள், வாகனத்துக் கழிவு ஒயில் பூசுகிறார்கள். இரண்டும் தோலை வேகவைக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். வயலுக்கும் வெங்காயத்துக்கும் அடிக்கிற மருந்தை வாளியில் கலக்கிக் குளிப்பாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வகை மருந்துகளில் பல நரம்பைத் தாக்குபவை. குளிப்பாட்டிய சில மணித்தியாலத்தில் நாய் வாயில் நுரை தள்ளி, நடுங்கி, மூச்சு முட்டிச் செத்ததைக் கண்டவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. குளிப்பாட்டுகிற ஆளின் கையிலும் அதே நஞ்சுதான் ஊறுகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதால் கெடுதல் இல்லை, புண்ணுக்கு ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் சுவர் நிறைய உண்ணி இருக்கிற வீட்டை அது காப்பாற்றாது.

கால்நடை வைத்தியரிடம் போனால் நாயின் எடையைப் பார்த்துத்தான் தருவார். இப்போது வாயால் கொடுக்கிற குளிசைகள் வந்திருக்கின்றன. அஃபொக்ஸோலனர் என்றால் மாதம் ஒன்று, ஃப்ளூரலனர் என்றால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று. மருந்து இரத்தத்தில் இருக்கும், கடித்த உண்ணி ஓரிரு நாளுக்குள் சாகும். வலிப்பு வருகிற நாய் என்றால் அதை முதலே சொல்லிவிட வேண்டும். விலை கூடத்தான், மறைக்கவில்லை. அந்த விலை கட்டாதவர்களுக்கு, நாயின் பிடரியில் விடுகிற ஃபிப்ரோனில் இருக்கிறது, தண்ணீரில் கலந்து உடம்பில் நனைக்கிற அமிட்ராஸ் இருக்கிறது. அமிட்ராஸைச் சொன்ன அளவில் கலக்க வேண்டும், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், நாய் உடம்பிலேயே காய விட வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். நாய்க்குரிய அமிட்ராஸும் பெர்மெத்ரினும் பூனைக்கு நஞ்சு. நாய்க்கு வாங்கியதில் மிச்சத்தைப் பூனைக்கு விட்டு, பூனையைப் பறிகொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். நாய்க்கு விட்ட மருந்து காயும்வரை பூனை அதோடு சுருண்டு படுக்கவும் விடக் கூடாது.

ஜிம்மிக்கு டொக்டர் இன்னொன்றும் பார்த்தார். உதட்டைத் தூக்கி முரசைக் காட்டினார், வெளிறிப் போயிருந்தது. இரத்தம் எடுத்துச் சோதித்ததில் எர்லிக்கியா. உண்ணி கடிப்பதால் நாய்க்கு வருகிற காய்ச்சல்களில் ஒன்று. நாய் உற்சாகம் குறைந்து, சாப்பாட்டை மோந்துவிட்டு விலகினால், மூக்கால் இரத்தம் வந்தால், முரசு வெளிறினால், சலம் கோப்பி நிறத்தில் போனால் வைத்தியரிடம் போகப் பிந்தக் கூடாது. கோப்பி நிறச் சலம் பபேசியா என்கிற மற்றக் காய்ச்சலுக்கு உரிய அடையாளம். அதற்கு மருந்தே வேறு. ஜிம்மிக்கு டொக்சிசைக்கிளின் நான்கு கிழமை. அக்கா அதைச் சோற்று உருண்டைக்குள் வைத்து ஒரு நாளும் தவறாமல் கொடுத்தா. இவ்வளவு நோயோடும் அது மீன் வாடிக்கரையில் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

வீட்டு வேலை அலுப்பானது, ஆனால் கஷ்டமானது இல்லை. ஈர்க்கால் வெடிப்பெல்லாம் கிண்டி, விழுவதைச் சவர்க்காரத் தண்ணீரிலோ ஸ்பிரிட் போத்தலிலோ போட்டோம். விரலால் நசுக்கக் கூடாது, அதற்குள் இருக்கிற கிருமி நகக்கண்ணால் போகலாம். வாசலுக்கு வெளியே கூட்டித் தள்ளுவதிலும் பிரயோசனம் இல்லை, திரும்பி நடந்து வரும். சுவரோரத்துக்குக் கொதிநீர் ஊற்றினோம். நாய் படுத்த சாக்கை எரித்தோம், துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் அவித்துத் துவைத்தோம். வெடிப்புகளுக்கு வீட்டுப் பாவனைக்கென்று விற்கிற மருந்தை அடித்து, அது காயும்வரை பிள்ளைகளை எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். பிறகு அண்ணை சிமெந்து குழைத்து நிலையைச் சுற்றி அடைத்தார். விறாந்தை மூலையில் குவிந்து கிடந்த உரிமட்டையும் பழைய பலகையும் போயின. முட்டைக்கு மருந்து சரியாகப் பிடிக்காது, இரண்டு மூன்று கிழமையில் குஞ்சு வரும். அதனால் முதல் தடவை அடித்துவிட்டு முடிந்தது என்று இருக்க முடியாது. மறுபடி மறுபடி பார்த்துச் செய்ய வேண்டும். மாதக் கணக்கு வேலை இது. குறைகிறது என்பது கண்ணால் தெரியத் தொடங்கும்போது பொறுமையும் வந்துவிடும்.

மான்களும் பற்றைகளும்

இந்தக் கதை ஒழுங்கையில் பரவியதும், "அப்ப நாயில்ல, மான்தான் கொண்டுவருது" என்று இன்னொரு பேச்சு கிளம்பியது. திருகோணமலை ஆட்களுக்கு நான் மானை விளக்கத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியிலும், சில வேளை நகரத்து வீதியிலும் அவை எங்களோடுதான் திரிகின்றன. மானில் உண்ணி இருக்கும், உண்மை. காகம் அதன் காதோரத்தில் நின்று கொத்திக்கொண்டிருப்பதை எத்தனை பேர் படம் எடுத்திருப்பார்கள்! ஆனால் வீட்டுச் சுவருக்குள் பெருகுவது அதில் இருந்து வந்தது இல்லை. குற்றவாளியை மாற்றி மாற்றித் தேடுவதில் எனக்கு உடன்பாடே கிடையாது. மான் படுத்தெழும்புகிற புல்லில் பிள்ளைகளைப் புரள விடாமல், அவற்றைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்காமல், கையால் தீனி கொடுக்காமல் இருந்தால் போதும். அது மானுக்கும் நல்லது.

வயல், பற்றை, காட்டோரம் என்று போகிறவர்களுக்கு வேறு கவனம் வேண்டும். நீளக் காற்சட்டை போட்டு அதன் முனையைக் காலுறைக்குள் விட வேண்டும். வெளிர் நிற உடுப்பில் ஊர்வது உடனே தெரியும். டீட் கலந்த பூச்சி விரட்டி உண்ணிக்கும் வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றிக் குளித்து, காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, கவடு, முழங்கால் மடிப்பு, தலைமயிர் ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாங்கள் பார்த்துவிட வேண்டும். கடித்திருந்தால் நெருப்புக்குச்சியும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். கூரான கவ்வியால் தோலோடு ஒட்ட, தலைப் பக்கத்தில் பிடித்து, முறுக்காமல் நேரே மெல்ல இழுத்து எடுத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வயிற்றைப் பிடித்து நசுக்க வேண்டாம். காதுக்குள் என்றால் ஊசியோ ஈர்க்கோ விட்டுக் கிண்டவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன். உண்ணிக் காய்ச்சல் என்று எங்கள் சனம் பயப்படுகிற கடும் காய்ச்சல் வடக்கு கிழக்குக் கரையோரப் பக்கங்களில் பெரும்பாலும் பற்றைகளில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. வீட்டு நாயின் உண்ணி அதைக் கொண்டுவருவதில்லை. மலைநாட்டுப் பக்கம் உண்மையான உண்ணி பரப்புகிற அதன் உறவுக்காரக் காய்ச்சல் இருக்கிறது. கரையோரக் காய்ச்சல், கடித்து ஒரு கிழமை, பத்து நாளில் தொடங்கும். கடும் தலையிடி, உடம்பு நோ, சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரட்டால் சுட்டது போன்ற கறுத்த காயம். அது நோகாது, அக்குளிலும் கவட்டிலும் ஒளிந்திருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. நேரத்துக்குப் பிடித்தால் டொக்சிசைக்கிளினில் ஓரிரு நாளிலேயே காய்ச்சல் இறங்கத் தொடங்கும். பிந்தினால் நுரையீரல், ஈரல், மூளை வரை போகும். டெங்குக் காலத்தில் எல்லாக் காய்ச்சலும் டெங்கு போலவே தெரிவதால், பற்றை வெட்டப் போனேன், வயலில் நின்றேன் என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். காயம் இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

மிச்சம் இருப்பது

அக்கா வீட்டுச் சுவர் இப்போது பெரும்பாலும் சுத்தம். ஜிம்மி விறாந்தையின் அதே மூலையில், உயர்த்திப் போட்ட பலகையில் படுக்கிறது. முரசு சிவந்துவிட்டது. பிள்ளை தினமும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அதன் காது மடலைத் திருப்பி, விரலிடுக்கெல்லாம் விரித்துப் பார்த்து, "ஒண்டும் இல்லை" என்று தாய்க்கு அறிவிக்கிறாள்.

ஆனால் ஒழுங்கைத் தெருநாய்கள் அப்படியே இருக்கின்றன. படலை திறந்திருக்கிற எந்த வீட்டிலும் மத்தியான நிழலுக்கு வந்து படுக்கும். ஒரு வீடு மட்டும் சுத்தமாகி என்ன செய்ய? எல்லா வீடும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அந்த நாய்களுக்கும் மூன்று மாதக் குளிசை வாங்குவோம் என்று கேட்டிருக்கிறேன். மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் எந்தத் தெருநாயும் சாப்பிடும், பிடித்துக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. எடையைக் கண்மதிப்பில் சொன்னாலும் டொக்டர் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலானவர்கள் சம்மதம். முனை வீட்டு ஐயா மட்டும் இன்னும், "எல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டுபோய் விட்டா விசயம் முடிஞ்சுது" என்கிறார். அவர் வீட்டு மதில் பழைய மதில், நெடுக வெடிப்பு. அடுத்த தடவை மாமா கோயிலுக்கு வரும்போது, டோர்ச்சோடும் ஈர்க்கோடும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.